பேருக்குக் கொடுக்கும் காசு

1852 ஆகஸ்ட் 3ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வின்னிபெசாகி ஏரியில் ஹார்வர்டு மாணவர்களும் யேல் மாணவர்களும் படகுப் போட்டியில் மோதினார்கள். அந்நாட்டில் இரண்டு கல்லூரிகள் எதிரெதிரே ஆடிய முதல் போட்டியாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதைத்தான். ஹார்வர்டு வென்றது, வெள்ளி முனை பதித்த துடுப்புகள் பரிசு. மாணவர்களின் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் அந்தப் பக்கம் தண்டவாளம் போட்டிருந்த ஒரு ரயில்வே கம்பெனியின் செலவு. வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தால் டிக்கெட் விற்கும், ஏரிக்கும் பேர் வரும் என்பது கம்பெனி போட்ட கணக்கு.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஒருகாலத்தில் காசு கலக்காமல் சுத்தமாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ரயில் ஞாபகத்துக்கு வந்துவிடும். பிள்ளை பிறந்த அன்றே ஸ்பான்சர் கட்டிலருகே நின்றிருக்கிறார். காசு வரலாமா என்று அங்கே யாரும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. வந்த காசை ஆடுகிறவன் தொடலாமா என்பதில்தான் 169 ஆண்டுகள் சண்டை நடந்தது. 2021 ஜூலை 1ஆம் தேதி 'தொடலாம்' என்று ஆயிற்று. அன்றிலிருந்து புதிய வழக்கு: எவ்வளவு தொடலாம், யார் கையிலிருந்து, எந்தப் பேரில்?

'பேரில்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இந்தப் பணத்துக்கு 'என்.ஐ.எல்.' என்று சுருக்கப் பெயர். ஒருவரின் பேர், படம், அடையாளம் மூன்றையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்கான தொகை என்று பொருள். தமிழில் 'பேருக்குக் கொடுத்த காசு' என்றால் இரண்டு அர்த்தம் வரும். பேரைப் பயன்படுத்தியதற்காகக் கொடுத்தது. அல்லது சும்மா பேருக்கு ஒரு காரணம் சொல்லிக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் அமெரிக்காவில் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் தணிக்கை நிறுவனங்களும் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. பிரிக்க முடியாது, பிரிக்க முயல்வதே தவறான வேலை என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தைப் பார்க்க, பழைய கதையிலிருந்து வர வேண்டும்.

'அமெச்சூர்' என்ற சொல் தமிழருக்கு சபா நாடகங்கள் வழியாகப் பழக்கமானது. பகலில் ஆபீஸ், மாலையில் அரிதாரம் என்று ஆசைக்காக நடிப்பவர்கள் அவர்கள். விளையாட்டில் இச்சொல்லுக்கு இவ்வளவு இனிமையான பின்னணி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் படகுப் போட்டிக்கான அமெச்சூர் விதிகள், கைத்தொழிலாளர்களையும் கூலிக்காரர்களையும் வெளிப்படையாகவே விலக்கின. உடம்பால் உழைத்துச் சாப்பிடுபவனோடு கனவான்கள் துடுப்புப் பிடிக்க மாட்டார்கள். காசு வாங்காமல் ஆடுவது உயர்ந்த பண்பு என்ற கருத்து, காசு தேவைப்படாதவர்கள் உருவாக்கிய கருத்து. அது கப்பலேறி அமெரிக்கா வந்தது. வந்த இடத்தில் டிக்கெட் விற்கும் பெரிய அரங்கங்களோடு அதற்குக் கல்யாணம் ஆனதுதான் வினோதம்.

1905இல் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் (அமெரிக்கர்கள் கையில் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம்) உயிர்ச்சேதம் அதிகமாகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. அந்தச் சலசலப்பில் 1906இல் ஒரு சங்கம் பிறந்து, 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ. என்று பேர் மாற்றிக்கொண்டது. உயிரைக் காக்கப் பிறந்த சங்கம் நாளடைவில் காசைக் காக்கும் சங்கமானது. 1929இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலானவை ஆட்டக்காரர்களுக்கு ஏதோ ஒரு வழியில் பணம் கொடுப்பதைப் புட்டுப்புட்டு வைத்தது. முன்னாள் மாணவர்கள் தரும் கைச்செலவு, போகாத வேலைக்குச் சம்பளம் என்று வழிகள் பல. இன்று நடப்பதைப் புதிய சீரழிவு என்பவர்கள் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்க்கலாம்.

என்.சி.ஏ.ஏ.வின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சொல்லின் பிறப்பு. 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணியில் ஆடிய ரே டெனிசன் என்ற இளைஞர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளிக்குத் தரும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி ஆக மாட்டார் என்று 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. இத்தகைய வழக்குகள் பெருகிவிடும் என்ற அச்சத்தில்தான் 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற கூட்டுச்சொல்லை உருவாக்கி, விதிப் புத்தகத்திலும் அறிக்கைகளிலும் எங்கும் அதையே பயன்படுத்த வைத்தோம் என்று என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் 1987 வரை இருந்த வால்டர் பயர்ஸ், ஓய்வுக்குப்பின் 1995இல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். ஒரு விதவையின் கோரிக்கைக்குப் பதிலாக ஓர் அகராதிப் பதிவு. அந்தச் சொல்லின் நிழலில்தான் இன்றைய ஒழுங்குமுறைகள் எல்லாமே எழுதப்படுகின்றன.

சொல் ஒருபக்கம் காவல் நிற்க, மறுபக்கம் பணம் ஏறிக்கொண்டே போனது. 1984இல் தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. ஒற்றைக் கையில் வைத்திருப்பது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகமும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பும் தனித்தனியாக உரிமையை விற்கத் தொடங்கின. ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை 2032 வரை எட்டு ஆண்டு நீட்டிக்க மட்டும் 880 கோடி டாலர். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர ஒப்புக்கொண்ட பாக்கித் தொகை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். வேலை செய்ய வேண்டாம் என்பதற்கான பணம் அது. அதே ஆட்டத்தில் 2010இல் ஜார்ஜியா அணி வீரர் ஒருவர், தான் போட்டு ஆடிய ஜெர்ஸியை 1,000 டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டங்கள் உட்கார வைக்கப்பட்டார். 2017இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர் ஒருவர், யூட்யூப் வீடியோவில் வந்த விளம்பர வருமானத்தை விட மறுத்ததால் ஆடும் தகுதியையே இழந்தார்.

அணை உடைந்தது ஒரு வீடியோ கேமில். 1995இல் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை சாம்பியனாக்கிய எட் ஓபேனன், பல ஆண்டுகள் கழித்து நண்பர் வீட்டில் தன்னையே திரையில் பார்த்தார். மொட்டைத் தலை, இடதுகை ஆட்டம், 31 என்ற எண் எல்லாம் அப்படியே; பேர் மட்டும் இல்லை. அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009இல் அவர் தொடுத்த வழக்கில் 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இந்த நீதிபதியின் பேரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை மறுபடி மறுபடி இவர் மேசைக்கே திரும்புகிறது. வீடியோ கேம் நிறுவனமான ஈ.ஏ. கல்லூரி ஆட்டங்களை நிறுத்திவிட்டு, 2024 ஜூலையில் கால்பந்து ஆட்டத்தை மீண்டும் வெளியிட்டபோது சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஆட்டத்தின் ஒரு பிரதியும் கொடுத்தது.

2019 செப்டம்பரில் கலிபோர்னியா, மாணவ வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கவர்னர் கேவின் நியூசம் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் பேச்சு நிகழ்ச்சியில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். மற்ற மாநிலங்கள் சும்மா இருக்குமா? தங்கள் கல்லூரிகளுக்கு ஆள் கிடைக்காமல் போய்விடுமே என்று வரிசையாகச் சட்டம் போட்டன. 2021 ஜூன் 21இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான், விளம்பரப் பணம் அதில் வரவே இல்லை. ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பு, தொழிலாளிக்கு நியாயக் கூலி தராமல் இருப்பதையே தன் சரக்கின் அடையாளமாகச் சொல்லும் உரிமை வேறெந்தத் தொழிலுக்கும் கிடையாது என்ற பொருளில் அமைந்திருந்தது. பத்து நாளில் என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்துவிட்டது.

திறந்த வேகத்தில் இடைக்காலக் கொள்கை ஒன்றுதான் எழுத முடிந்தது. அதன் சாரம் மிகச் சிறியதுதான். ஆட்டத்துக்காகக் காசு கூடாது, கல்லூரியில் சேர்க்கத் தூண்டிலாகக் காசு கூடாது, வாங்கும் காசுக்கு ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். முதல் நாளே ஃப்ரெஸ்னோ அணியின் கேவிண்டர் இரட்டைச் சகோதரிகள் ஒரு செல்போன் நிறுவனத்தோடு கைகோத்து நியூயார்க் டைம்ஸ் சதுக்கத் திரையில் தோன்றினார்கள். பெண்கள் கூடைப்பந்து வீராங்கனைகள், இன்ஸ்டாகிராம், டிக்டாக் ரசிகர்கள், சந்தையில் விற்கும் பொருள் ஒன்று: சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்த படம் இதுதான். பிறகு லூயிசியானா ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லிவ்வி டன், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் போன்றவர்கள் பெரிய பிராண்டுகளோடு செய்ததும் இதே வகைதான். இதில் யாருக்கும் புகார் இல்லை.

புகார் 'கலெக்டிவ்'களில் வந்தது. ஊரில் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை நோட்டோடு வருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிக் குழுக்கள். பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் காசு போடுவார்கள். குழு அதை அணி வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பதிலுக்கு வீரர் ஒரு குழந்தைகள் முகாமுக்குப் போய்க் கையசைப்பார், சில பந்துகளில் கையெழுத்துப் போடுவார். இதற்கு விளம்பர ஒப்பந்தம் என்று பேர். சில குழுக்கள் தங்களைத் தருமக் காரிய அமைப்பாகப் பதிந்து வரிவிலக்கும் கேட்டன. பலன் முக்கியமாக வீரர்களுக்கே போவதால் இவற்றில் பலவற்றை தருமம் என்று ஏற்க முடியாது என்று 2023இல் வருமான வரித் துறையின் சட்டக் குறிப்பு சொல்ல வேண்டியதாயிற்று.

கூடவே இன்னொரு கதவும் திறந்திருந்தது. முன்பெல்லாம் கல்லூரி மாறும் வீரர் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மாறுவதற்கும், 2024இல் எத்தனை முறை மாறுவதற்கும் அந்தத் தடை விலகியது. விளம்பரக் காசும் இடமாற்ற உரிமையும் சேர்ந்தபோது ஆண்டுதோறும் ஏலம்தான். வாக்குக் கொடுத்த காசு வராவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை. 2023இல் ஃபுளோரிடாவில் சேர ஒப்புக்கொண்டிருந்த பள்ளி வீரர் ஒருவருக்குப் பேசப்பட்ட 1.385 கோடி டாலர் ஒப்பந்தம் கவிழ்ந்து வழக்கில் முடிந்தது. 2024 செப்டம்பரில் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் அணியில் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக், பேசிய காசு கைக்கு வரவில்லை என்று மூன்று ஆட்டங்களோடு பருவத்தின் நடுவிலேயே விலகினார். வாய்வார்த்தையில் கூலி பேசி, எழுத்தில் விளம்பரம் என்று போட்டால் இரண்டில் எதை வைத்து நீதி கேட்பது?

என்.சி.ஏ.ஏ. இதைத் தடுக்கப் பார்த்தது. டென்னசி பல்கலைக்கழகத்தை விசாரிக்கப் போன சங்கத்தின் மீதே 2024 ஜனவரி 31இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் வழக்குப் போட்டார்கள். மூன்றே வாரங்களில் கூட்டாட்சி நீதிபதி தடையாணை கொடுத்தார்: சேரும் முன்பே காசு பேசக் கூடாது என்ற விதி, வீரர் தன் உண்மையான விலையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பறிக்கிறது என்றார். அந்தத் தீர்ப்போடு என்.சி.ஏ.ஏ.வின் கையில் இருந்த பிரம்பு ஒடிந்தது.

இப்போது மறுபடி நீதிபதி வில்கன். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பேரில் 2020இல் தொடங்கிய வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6ஆம் தேதி அவர் அங்கீகரித்தார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. இனிமேல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். 2025-26ஆம் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், அன்றைய நம் கணக்கில் 175 கோடி ரூபாய்போல. பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம் என்று இந்த எண்ணை எடுத்தார்கள். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக் கட்டுப்பாடு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. கால்பந்துக்கு 105. இதில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்காகவே அணியில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் வெளியே போக வேண்டியவர்களானார்கள். வில்கன் அதற்கு மட்டும் ஒப்பவில்லை. இடம் இழந்தவர்கள் வரம்புக்கு வெளியே தொடர வழி செய்தபிறகே கையெழுத்திட்டார். பழைய அர்த்தத்தில் உண்மையான அமெச்சூர்கள் அவர்கள்தான். அமெச்சூர் விளையாட்டின் பேரால் இத்தனை காலம் நடந்த ஏற்பாட்டில் முதலில் வெட்டப்பட இருந்ததும் அவர்களே.

கட்டுரையின் மையப்பகுதி இனிமேல்தான். பல்கலைக்கழகம் தரும் பணத்துக்கு வரம்பு போட்டால், பழைய மாணவர்கள் வேறு வழியில் கொட்டுவார்கள். அதை அடைக்க ஒரு சல்லடை வேண்டும். பெரிய கூட்டமைப்புகள் சேர்ந்து கல்லூரி விளையாட்டு ஆணையம் ஒன்றை நிறுவின. டெலாய்ட் நிறுவனம் 'என்.ஐ.எல். கோ' என்ற இணைய மேடையை அமைத்தது. வெளியாரோடு 600 டாலருக்கோ அதற்கு மேலோ செய்யும் எந்த ஒப்பந்தத்தையும் வீரர் அதில் பதிய வேண்டும். பிறகு மூன்று கேள்விகள். கொடுப்பவர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவரா? (வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் நன்கொடை தந்திருந்தால் ஆம்.) ஒப்பந்தத்தில் பொதுமக்களுக்கு லாப நோக்கில் விற்கும் பொருளோ சேவையோ சார்ந்த உண்மையான வணிக நோக்கம் உண்டா? தொகை அதே நிலையில் உள்ள மற்றவர்கள் வாங்கும் வரம்புக்குள் இருக்கிறதா? தேறாத ஒப்பந்தத்தைத் திருத்தலாம், கைவிடலாம், நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றாவது கேள்வியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பொருளின் சந்தை விலை என்பது வாங்க விரும்புபவர் விரும்பிக் கொடுக்கும் தொகை. டல்லாஸில் கார் விற்பனை நிலையம் வைத்திருக்கும் பழைய மாணவர், தன் அணியின் குவார்ட்டர்பேக்குக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் எத்தனை விற்கும் என்று பார்த்தால் அது அதிகம். சனிக்கிழமை அணி வெல்வதில் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை வைத்துப் பார்த்தால் மலிவு. டெலாய்ட்டின் கணினி முதல் கணக்கை மட்டும் போடும். இரண்டாவது கணக்கைப் போட்டால் அது ஆட்டத்துக்கான கூலி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தக் கூலிக்கும் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கேட்காமலிருக்கவே சல்லடை பின்னப்பட்டிருக்கிறது. பழைய கலெக்டிவ் ஒப்பந்தங்களில் எழுபது சதவீதம் இந்தச் சோதனையில் தேறியிருக்காது, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் தொண்ணூறு சதவீதம் தேறியிருக்கும் என்று டெலாய்ட் அதிகாரிகள் சொன்னதாக 2025 கோடையில் செய்திகள் வந்தன. சல்லடை வேலை செய்வதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன்: வெளியாரிடமிருந்து புழங்கிய காசில் பெரும்பங்கு கூலி என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

சல்லடை எத்தனை நாள் தாங்கியது? 2025 ஜூலை 10 அன்று ஆணையம், வீரர்களுக்குக் கொடுக்கவே காசு திரட்டும் கலெக்டிவ்களுக்கு வணிக நோக்கம் இருப்பதாகக் கொள்ள முடியாது என்று அறிவித்தது. வீரர்கள் தரப்பு வழக்கறிஞர்கள், இது சமரசத்தில் இல்லாத கட்டுப்பாடு, நீதிபதியிடம் போவோம் என்றார்கள். அதே மாதம் 31ஆம் தேதி புதிய விளக்கம் வந்தது: கலெக்டிவ் என்பதற்காகவே தள்ள மாட்டோம், பொதுமக்களுக்கு எதையாவது லாபத்துக்கு விற்றால் போதும். ஆக, டீ-ஷர்ட் விற்றால் போதும். மூன்று வாரத்தில் ஒரு விதி உருகிய கதை இது.

வரம்பு போடுவதே கூடாது என்பது என் வாதம் இல்லை. அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டுகளில் சம்பள வரம்பு சகஜம். கூடைப்பந்துக்கு 1984-85 பருவத்திலிருந்தும், கால்பந்துக்கு 1994இலிருந்தும் இருக்கிறது. முதலாளிகள் கூடிப் பேசிக் கூலிக்கு உச்சவரம்பு போடுவது ஏகபோகத் தடைச் சட்டப்படி குற்றம்தானே, அவர்கள் மீது ஏன் வழக்கு நிற்பதில்லை? வீரர் சங்கத்தோடு உட்கார்ந்து கூட்டு பேரம் நடத்தி எழுதிய வரம்பு அது. தொழிலாளர் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. கல்லூரி விளையாட்டு அடுத்தடுத்து வழக்குகளில் தோற்பதன் ரகசியம் இவ்வளவுதான். எதிர்த் தரப்பில் பேரம் பேச ஒரு சங்கம் இல்லை. சங்கம் வேண்டுமென்றால் முதலில் அவர்கள் தொழிலாளர்கள் என்று ஏற்க வேண்டும். அதாவது, ரே டெனிசனின் மனைவிக்கு 1957இல் மறுத்ததை இப்போது தர வேண்டும்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2014இல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் சங்கம் கேட்டார்கள்; தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2015இல் இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தது. ஸ்காலர்ஷிப்பே தராத கல்லூரி அது! வாஷிங்டனில் ஆட்சி மாறுவதை உத்தேசித்து, பாதகமான முன்தீர்ப்பு வந்துவிடக் கூடாதே என்று டிசம்பர் 31இல் மனுவை வாபஸ் வாங்கினார்கள். 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்கள் கூலிச் சட்டப்படி ஊழியர்களாக இருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்றது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிடவும் முடியாது. வாரியத்தின் அதிகாரம் தனியார் கல்லூரிகள் வரைதான் செல்லும். பெரிய அணிகளில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்களுடையவை. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர் கூட்டு பேரமே சட்டப்படி செல்லாது. ஊழியர் என்றால் ஆட்டம் சரியில்லை என்று பாதிப் பருவத்தில் வீட்டுக்கும் அனுப்பலாம். கால்பந்தின் காசில் உயிர் வாழும் நீச்சல், மல்யுத்தம், ஓட்டப் பந்தய அணிகளைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம் வெறும் பூச்சாண்டி இல்லை. ஒலிம்பிக்கில் அமெரிக்கா குவிக்கும் பதக்கங்களுக்கு நாற்றங்கால் அந்த அணிகள்தான். ஆனாலும் இவையெல்லாம் பேச்சுவார்த்தை மேசையில் வைத்துப் பேச வேண்டியவை. மேசையையே போடாமலிருக்க இவற்றைக் காரணமாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெண்கள் விஷயத்தில் வகைப்பாட்டின் குளறுபடி பளிச்சென்று தெரிகிறது. 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்பேதம் கூடாது என்கிறது. பல்கலைக்கழகம் தரும் பங்குத்தொகை ஸ்காலர்ஷிப் போன்ற உதவி என்றால் பெண்களுக்கும் விகிதப்படி தர வேண்டும். சந்தை நிர்ணயித்த விளம்பர உரிமைத் தொகை என்றால் வேண்டாம். 2025 ஜனவரியில் பைடன் நிர்வாகம் போகும்போது முதல் விளக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போனது. பிப்ரவரியில் டிரம்ப் நிர்வாகம் அதைக் கிழித்துப் போட்டது. இழப்பீட்டுப் பணத்தின் மிகப் பெரும்பகுதி கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கே போகும் என்பதால், சில வீராங்கனைகள் சமரசத்தை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அசல் விளம்பரச் சந்தையில் பெண்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள் என்பதை மேலே சொன்னேன். விளம்பரம் என்ற பேரில் வந்த கூலியில்தான் அவர்கள் பின்தங்கினார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வேறொரு சிக்கல், அதில் தமிழ்ப் பேர்களும் உண்டு. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018இலும் 2022இலும் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டம் வென்றவர். மதுரைக்காரரான தக்ஷிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக டென்னிஸ் அணியில் இருந்துகொண்டே 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காகச் சுவிட்சர்லாந்தில் ஆடி வென்றார். வெளிநாட்டிலிருந்து போகும் மாணவர்கள் பொதுவாக எஃப்-1 விசாவில் படிப்பவர்கள். வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் விசாவே போகும். உரிமத்தொகை வேலையில்லை என்றால் வாங்கலாம். விளம்பரப் படப்பிடிப்புக்குப் போய் நின்றால் அது வேலை. கென்டக்கியின் காங்கோ வீரர் ஆஸ்கர் ட்ஷீப்வே, 2022இல் அணி பகாமாஸ் தீவுகளுக்கு ஆடப் போனபோது அமெரிக்க எல்லைக்கு வெளியே விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டது இதனால்தான். ஒரே காசு தொழிலாளர் சட்டத்தின் முன் கூலியில்லை, குடியேற்றச் சட்டத்தின் முன் கூலியாகலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்கும்படி எல்லாரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் வந்த 'ஸ்கோர்' மசோதா மூன்று வரம் தருகிறது: என்.சி.ஏ.ஏ.வுக்கு ஏகபோக வழக்குகளிலிருந்து பாதுகாப்பு, மாநிலச் சட்டங்களுக்கு மேல் ஒரே தேசியச் சட்டம், வீரர்கள் ஊழியர்கள் ஆக மாட்டார்கள் என்ற அறிவிப்பு. மூன்றும் ஒரு தரப்பின் விருப்பப் பட்டியல். டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து கடைசி நேரத்தில் விலக்கப்பட்டது. இடையில் ஜூலை 24ஆம் தேதி அதிபர் டிரம்ப், வெளியார் தரும் ஆட்டக்கூலிக்கு எதிராக நிர்வாக ஆணை ஒன்றும் வெளியிட்டார். தனியார் ஒப்பந்தங்களை ஓர் ஆணையால் நிறுத்திவிட முடியுமா என்று சட்ட வல்லுநர்கள் அன்றே சந்தேகப்பட்டார்கள்.

இதற்கிடையில் பல்கலைக்கழகங்கள் வீரர்களோடு எழுதும் வருமானப் பங்கு ஒப்பந்தங்கள் சத்தமில்லாமல் நீண்டுகொண்டிருக்கின்றன. மாதாந்தரத் தொகை, இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம், புதிய பல்கலைக்கழகம் ஈடுகட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். இவர் ஊழியர் இல்லை என்ற வரியும் மறக்காமல் இருக்கும். 2025 ஜூன் 20ஆம் தேதி விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் அதன் கலெக்டிவும் சேர்ந்து மயாமி பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தன. தங்களோடு வருமானப் பங்கு ஒப்பந்தத்தில் இருந்த கால்பந்து வீரர் ஒருவரை மயாமி ஆசை காட்டி இழுத்துக்கொண்டதாகப் புகார். இடமாற்றப் பட்டியலில் அவர் பேரைச் சேர்க்க விஸ்கான்சின் மறுத்திருந்தது. அவர் படிப்பை விட்டு விலகி, சாதாரண மாணவராக மயாமியில் போய்ச் சேர்ந்துகொண்டார். வேதியியல் படிக்கும் ஒரு மாணவி விஸ்கான்சினை விட்டு மயாமிக்குப் போயிருந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு போ என்று அனுப்பியிருப்பார்கள். இவருக்காக ஒரு பல்கலைக்கழகம் இன்னொரு பல்கலைக்கழகத்திடம் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கிறது.